மறதிச் சான்றிதழ்

கேமரா பொருத்திய எதையும் உள்ளே விடுவதில்லை என்பது அந்தக் கம்பெனியின் விதி. கண்களுக்கு மட்டும் விலக்கு கொடுத்திருந்தார்கள், அதையும் கொஞ்சம் மனக்குறையோடுதான்.

வாசலில் இருந்த காவலாளி துணுக்கின் போனை வாங்கினார். முன்பக்கம் ஒரு ஸ்டிக்கர் ஒட்டினார், பின்பக்கம் ஒரு ஸ்டிக்கர் ஒட்டினார், பிறகு அதை ஒரு பையில் போட்டுப் பையின் வாயிலும் ஸ்டிக்கர் ஒட்டினார். பையை எங்கே வைப்பீர்கள் என்று கேட்டதற்கு, அது ரகசியம் என்றார். அடுத்த மேசையில் ஒப்பந்தம். கம்பெனியின் எந்த ரகசியத்தையும் வெளியே சொல்ல மாட்டேன் என்று கையெழுத்துப் போட வேண்டும். துணுக்கு அதைப் படிக்கக் குனிந்தான். மேசைக்குப் பின்னால் இருந்தவர் காகிதத்தைக் கையால் மறைத்துக்கொண்டார். ஒப்பந்தமே ரகசியம்தான், கையெழுத்துப் போட்டவர்கள் மட்டும்தான் படிக்கலாம் என்றார். துணுக்கு கையெழுத்துப் போட்டான். இப்போது படிக்கலாமா என்று கேட்டான். நேரமாகிவிட்டது, உள்ளே போங்கள் என்றார்கள்.

துணுக்கு என்பது பத்திரிகை அலுவலகத்தில் அவனுக்கு விழுந்த பெயர். வீடியோ கேம்களுக்கு விமர்சனம் எழுதுவது அவன் வேலை. ஆனால் பக்கத்தின் அடியில் இடம் மிச்சம் விழும்போது, அதை நிரப்ப யாரும் கேட்காத தகவல் ஒன்றை எழுதுவதில்தான் அவன் உயிர் இருந்தது. ஒரு கார் பந்தய விளையாட்டில் மூன்றாவது வளைவில் நிற்கும் கூட்டத்தில் ஒரே ஒரு ஆளுக்கு மட்டும் நிழல் கிடையாது. ஒரு போர் விளையாட்டில் செத்துக் கிடக்கும் சிப்பாய்கள் எல்லாருக்கும் ஒரே முகம், ஒருவனுக்கு மட்டும் மீசை. ஆசிரியர் தலையில் அடித்துக்கொள்வார். இது எவனுக்குய்யா வேணும் என்பார். எவனுக்கும் வேண்டாம் என்பதுதான் துணுக்குக்கு அதிலிருந்த ருசி.

அவனிடம் ஒரு குணம் உண்டு. தெரியாது என்று சொல்ல மாட்டான். தெரியாததைக் கேட்டால், பக்கத்தில் இருக்கும் தெரிந்த ஒன்றைச் சொல்லி அந்த இடத்தை நிரப்பிவிடுவான்.

அன்றைக்கு மத்தியானத்துக்குள் வேலையை முடித்துக்கொண்டு அவன் மருத்துவமனைக்குப் போக வேண்டும். அக்காவைக் காலையில்தான் அங்கே சேர்த்திருந்தான். செங்கல் சூளையில் வருஷக்கணக்காகத் தலையில் சுமந்து சுமந்து அவளுக்குக் கர்ப்பப்பை இறங்கிவிட்டிருந்தது. எடுத்துவிட வேண்டும் என்று டாக்டர் சொல்லித் தேதி கிடைக்கவே மாதங்கள் ஆயின. மறுநாள் காலை ஆபரேஷன். ரத்த சொந்தம் ஒருவர் நேரில் வந்து, கேட்பதற்குப் பதில் சொல்லி, கையெழுத்துப் போட்டால்தான் உள்ளே கொண்டுபோவார்கள். ஆள் இல்லையென்றால் அந்த ஆபரேஷன் மேசை காத்திருக்கும் அடுத்த பெண்ணுக்குப் போய்விடும். அக்காவுக்கு இருந்த ரத்த சொந்தம் இவன் ஒருவன்தான். அவள் புருஷன் எப்போதோ போய்விட்டான், செத்துப் போகவில்லை, போய்விட்டான். ஒரு எட்டு போய்விட்டு வந்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் துணுக்கு கிளம்பினான். அக்கா கட்டிலில் உட்கார்ந்தபடி, போ போ, உன் பொம்மை ஓடிப் போயிரப் போகுது என்றாள்.

கூடத்தில் பத்திரிகைக்காரர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். 'இரும்பு வாசல்' விளையாட்டின் ஆறாம் பாகம், முதல் அத்தியாயம் மட்டும் விளையாடிப் பார்க்கலாம். கம்பெனி குறித்துக் கொடுக்கும் நாளும் நேரமும் வரும்வரை ஒரு வரி எழுதக் கூடாது. இந்தத் தடைக்குத் தொழிலில் எம்பார்கோ என்று பெயர். கேம் எழுத்தாளன் என்பவன் எல்லாவற்றையும் முன்கூட்டியே பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டிருக்கச் சம்பளம் வாங்குகிறவன். ஒவ்வொரு நாற்காலிக்குப் பின்னாலும் கம்பெனியின் வழிகாட்டி ஒருவர் நின்றார். பார்க்கக் கூடாத பக்கம் யாரும் திரும்பிவிடாமல் பார்த்துக்கொள்வது அவர் வேலை. துணுக்குக்குப் பின்னால் நின்றவள் இளம்பெண். இடது பக்கம் போங்க சார், வலது பக்கம் இன்னும் கட்டல என்று அடிக்கடி சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஊரைத் தாண்டி ஒரு கிணறு வந்தது. கதாநாயகன் கயிற்றை இழுத்தான். கப்பி கிறீச்சிட்டது.

துணுக்கின் கை நின்றுவிட்டது. அந்தச் சத்தத்தை அவனுக்குத் தெரியும். முதல் பாகத்தில் அது ஒரே ஒரு இடத்தில் வரும், கதாநாயகனின் தம்பி கிணற்றுக்குள் இறங்கிச் செத்துப் போகும் இடத்தில். அதற்குப் பிறகு வந்த பாகங்களில் எத்தனையோ கிணறுகள், எத்தனையோ கப்பிகள். ஒன்றுக்குக்கூட இந்தச் சத்தத்தைக் கொடுக்கவில்லை. ஒரு கதாபாத்திரத்துக்குக் கொடுத்த சத்தத்தை இன்னொருவருக்குக் கொடுப்பதில்லை என்பது அந்தக் கம்பெனி ஒலிக்காரர்களின் பழக்கம். இதுவும் அவன் எழுதிய துணுக்குதான்.

சந்தோஷம் தாங்காமல் திரும்பி அந்தப் பெண்ணின் காதில் சொன்னான்.

"அப்போ தம்பி சாகல. கடைசியில வர்ற எதிரியே அவன்தான், இல்லையா?"

வழிகாட்டிகளுக்கு ஒரு பயிற்சி கொடுத்திருந்தார்கள். யார் என்ன சொன்னாலும் முகம் மாறக் கூடாது, மாறினால் அதுவே கசிவு என்று. அவள் முகம் மாறியது.

கொஞ்ச நேரத்தில் இருவரும் ஒரு அறையில் இருந்தார்கள். கதவில் 'அமைதி அறை' என்று எழுதியிருந்தது. ஜன்னல் இல்லை. ஒரு சோபா, சில நாற்காலிகள், சுவரில் விளையாட்டின் பெரிய விளம்பரப் படம். படத்தில் கதாநாயகனுக்குப் பக்கத்தில் நின்ற ஒருவரின் முகத்தில் வெள்ளைக் காகிதம் ஒட்டியிருந்தார்கள். கதவுக்கு உள்பக்கம் கைப்பிடி இல்லை என்பதைத் துணுக்கு உட்கார்ந்த பிறகுதான் கவனித்தான்.

அந்தப் பெண் அவன் பக்கம் திரும்பவே இல்லை. மன்னிப்புக் கேட்டுப் பார்த்தான். வேலை போய்விடுமோ என்று பயப்படுகிறாள் என்று நினைத்து, அதற்கும் ஆறுதல் சொன்னான்.

"வேலை போனா போகட்டும் சார். அஞ்சு பாகமும் விளையாடிட்டு, இதோட முடிவு என்னன்னு பாக்கிறதுக்குத்தான் நான் இங்க சேர்ந்தேன். எங்க யாருக்கும் முடிவு தெரியாது. இப்ப எனக்குத் தெரியும். நல்லா இருங்க."



ரகசியக் காப்பு மேலாளர் வந்தார். தலையில் பெரிய ஹெட்போன் மாட்டியிருந்தார். வாசலிலேயே நின்று, இரண்டு பேரும் வாயை மூடுங்கள் என்று சைகை காட்டி, ஒரு காதை மட்டும் விடுவித்துக்கொண்டார். நீங்கள் சொன்னது எதையும் என்னிடம் சொல்லக் கூடாது என்றார். அப்படியானால் நான் சொன்னது ரகசியம்தான் என்று எப்படித் தெரியும் என்று துணுக்கு கேட்டான். மேலாளர் அந்தப் பெண்ணின் முகத்தைக் காட்டினார்.

"இங்க பாருங்க சார். இந்தக் கம்பெனி தொடங்கின நாள்ல இருந்து நான்தான் ரகசியங்களைக் காப்பாத்துறேன். இதுவரைக்கும் ஒரு ரகசியம்கூட எனக்குத் தெரியாது. என்ன காப்பாத்துறேன்னே தெரியாம காப்பாத்துறவன்தான் சார் நேர்மையான காவல்காரன்."

சிக்கல் என்னவென்றால், கம்பெனி காட்டியதை வெளியே சொல்லக் கூடாது என்றுதான் துணுக்கு கையெழுத்துப் போட்டிருந்தான். காட்டாததை அவனாகவே கண்டுபிடித்தால் என்ன செய்வது என்று ஒப்பந்தத்தில் இல்லை. அதாவது, எந்தக் காகிதத்திலும் அடங்காத ஒரு ரகசியம் இரண்டு காலோடு நடமாடிக்கொண்டிருந்தது. அதை வெளியே விட முடியாது. விளையாட்டு வெளியாகும்வரை இங்கேயே இருந்துவிடுங்கள் என்றார் மேலாளர், விருந்தாளியை இரண்டு நாள் தங்கச் சொல்கிறவர் மாதிரி. அது எப்போது வெளியாகும் என்றான் துணுக்கு. அதுவும் ரகசியம்.

ஒருவேளை தான் சொன்னது தப்பாக இருந்தால் விட்டுவிடலாம் அல்லவா என்று துணுக்கு மன்றாடினான். வாழ்க்கையில் முதல் முறையாகத் தன் தகவல் தப்பாக இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டான். முழுக் கதையும் தெரிந்தவர் கம்பெனியில் ஒருவர்தான், தலைமைப் படைப்பாளர். அவருக்கு ஆள் அனுப்பினார்கள். ஆமாம் என்று சொன்னால் ரகசியம் வெளியாகிவிடும், இல்லை என்று சொன்னாலும் பாதி வெளியாகிவிடும். ஆகவே கருத்து இல்லை என்று பதில் வந்தது. மேலாளர் அதை இரண்டு முறை படித்தார். என்ன ஒரு பதில் பார்த்தீர்களா என்று ரசித்தார்.

பிறகு வக்கீல் வந்தார். கம்பெனியின் சொந்த வக்கீல். தனியாக ஒரு ஒப்பந்தம் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு அனுப்பிவிடலாம், இதெல்லாம் ஒரு விஷயமா என்றார். துணுக்குக்கு உயிர் வந்தது. அக்கா மத்தியானச் சாப்பாட்டைச் சாப்பிட்டிருப்பாளா என்றுகூட நினைக்க ஆரம்பித்தான். எந்தத் தகவலை வெளியே சொல்லக் கூடாது என்பதைத் தெளிவாகக் குறிப்பிட்டால்தான் ஒப்பந்தம் செல்லும் என்றார் வக்கீல். மேலாளர் ஹெட்போனை இழுத்து மாட்டிக்கொண்டு சுவரைப் பார்த்து நின்றார். துணுக்கு சொல்லச் சொல்ல வக்கீல் எழுதினார். தம்பி உயிரோடு இருக்கிறான் என்ற தகவலையும், அவனே எதிரி என்ற தகவலையும் என்று எழுதியபோது பேனா நின்றது. நிமிர்ந்து துணுக்கைப் பார்த்தார்.

"இப்ப இது எனக்கும் தெரிஞ்சிருச்சே."

மேலாளருக்குக் கேட்டிருக்க நியாயமில்லை. ஆனாலும் திரும்பாமலே, உட்காருங்கள் சார் என்று சோபாவைக் காட்டினார். வக்கீல் உட்கார்ந்தார். உங்களுக்கு ஒப்பந்தம் எழுத இன்னொரு வக்கீலைக் கூப்பிடலாமே என்று அந்தப் பெண் கேட்டாள். வேண்டாம் என்றார் வக்கீல். இது எங்கே போய் முடியும் என்பது அவருக்குத் தெரியும். இந்த விதிகளை எழுதியதே அவர்தான்.

சாயங்காலம் டீ கொண்டுவந்த அம்மாள்தான் அடுத்தது. அந்த நேரத்தில் வக்கீலும் வழிகாட்டிப் பெண்ணும் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். அண்ணன் துரோகம் செய்ததால்தான் தம்பி எதிரியானான், தப்பு அண்ணன் மேல்தான் என்பது அவள் கட்சி. சட்டப்படி பார்த்தால் கிணற்றில் இறங்கியது தம்பியின் சொந்த முடிவு என்பது அவர் கட்சி. டீயம்மா தட்டோடு நின்று கேட்டுவிட்டு, யாரு தம்பி, உயிரோட இருக்கானா, நல்லதாப் போச்சு என்றாள். மேலாளர் அவள் கையிலிருந்து தட்டை வாங்கி வைத்தார். நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"கீழ அத்தனை பேருக்கும் டீ ஆறிக்கிட்டிருக்கு சார்."

ஆறட்டும் என்றார் மேலாளர். ரகசியம் ஆறக் கூடாது.

ஓர் அறையில் நான்கு பேர் தொடர்ந்து உட்கார்ந்திருந்தால் அது ஒரு துறை என்பது கம்பெனியின் நிர்வாக விதி. கொஞ்ச நேரத்தில் ஒருவர் வந்து கதவில் புதுப் பலகை மாட்டினார். 'முன்கூட்டி அறிந்தோர் துறை.' வக்கீல் துறைத் தலைவர். நான்கு பேருக்கும் கழுத்தில் மாட்டும் அட்டை வந்தது. துணுக்கின் அட்டையில் 'ஊழியர்' என்று இருந்தது, போட்டோ இருக்க வேண்டிய இடத்தில் ஸ்டிக்கர். துறை என்றால் முதல் நாளே கூட்டம் நடத்த வேண்டும். இந்த அறையை விட்டு வெளியேறுவது எப்படி என்பதே பேசுபொருள் என்று வக்கீல் முடிவு செய்தார். ஆனால் துறைக் கூட்டங்களைக் கூட்ட அறையில்தான் நடத்தலாம், கூட்ட அறை இரண்டாம் மாடியில் இருந்தது. அங்கே போவதற்கு இந்த அறையை விட்டு வெளியேற வேண்டும். கூட்டம் தேதி குறிப்பிடாமல் தள்ளிவைக்கப்பட்டது. டீயம்மா, வருகைப் பதிவில் கைநாட்டு வைக்கணுமா, கையெழுத்தா என்று விசாரித்தாள். அவளுக்கு அந்தக் கம்பெனியில் அதுவரை நாற்காலியே இருந்ததில்லை. பொழுது போகப் போக அவளுக்கு இது பிடித்துவிட்டது போலிருந்தது.

மேலாளர் மறுபடி வந்தபோது முகம் தொங்கியிருந்தது. கசிவு அபாயம் காரணமாக, தலைமைப் படைப்பாளர் கதையின் முடிவையே மாற்றப் போகிறார், விளையாட்டு வெளியாவது தள்ளிப்போகிறது என்றார்.

துணுக்கு எழுந்து நின்றுவிட்டான். அப்போ பழைய முடிவு இனிமேல் ரகசியமே இல்லை, எங்களை விடுங்கள் என்றான்.

"முடிவை மாத்துறோம்ங்கிறது இப்ப ரகசியம் சார். அது உங்களுக்கு இப்பத்தான் தெரிஞ்சிருக்கு."

துணுக்கு உட்கார்ந்தான். அக்காவைப் பற்றிச் சொன்னான். சூளையிலிருந்து தொடங்கி ஆபரேஷன் வரைக்கும் சொன்னான். டீயம்மா மூக்கை உறிஞ்சினாள். தனக்கும் அந்த நோவு இருக்கிறது, யாரிடமும் சொன்னதில்லை என்றாள். மேலாளர் கல் நெஞ்சுக்காரர் இல்லை. ஒரு போன் பேசிக்கொள்ளச் சொன்னார். போனைப் பையிலிருந்து எடுக்க ஒரு அதிகாரி, ஸ்டிக்கரைப் பிரிக்க ஒரு அதிகாரி, பிரித்த ஸ்டிக்கரை எண்ணிக்கொள்ள ஒரு அதிகாரி வந்தார்கள். எங்கே இருக்கிறோம், ஏன் இருக்கிறோம், எப்போது வருவோம், யாரோடு இருக்கிறோம் என்ற நான்கைத் தவிர என்ன வேண்டுமானாலும் பேசலாம். மேலாளரின் விரல், இணைப்பைத் துண்டிக்கும் பொத்தான் மேலேயே இருக்கும்.

"எங்கடா இருக்க?" என்றாள் அக்கா.

"ஒரு இடத்துல இருக்கேன்க்கா."

"எல்லாரும் ஒரு இடத்துலதான்டா இருக்கோம். எப்ப வர்ற?"

மேலாளர் தலையை ஆட்டினார்.

"வருவேன்க்கா."

"போலீஸ் பிடிச்சிருச்சா?"

"அதெல்லாம் இல்லக்கா."

"அப்போ பொண்ணு விவகாரமா?"

வழிகாட்டிப் பெண்ணுக்கு அந்த நிலைமையிலும் சிரிப்பு வந்துவிட்டது. அது போனில் கேட்டுவிட்டது.

"நல்ல நாள் பாத்தடா. சரி, கேட்டுக்கோ. விடிஞ்சதும் கூட்டிட்டுப் போயிருவாங்களாம். அதுக்குள்ள வந்துரு. எனக்கு ஒத்துக்காத மருந்து ஒண்ணு இருக்குல்ல, அதைக் கண்டிப்பாக் கேப்பாங்களாம். நான் மயக்கத்துல கிடந்தா நீதான் சொல்லணும். பேரு ஞாபகம் இருக்குல்ல?"

"இருக்குக்கா."

"என்ன பேரு, சொல்லு?"

மேலாளர் பொத்தானை அழுத்திவிட்டார். மருந்துப் பெயர் சங்கேதமாக இருக்கலாம் என்றார். மற்ற மூவரும் அவரைத் திட்டித் தீர்த்தார்கள். அன்று முழுவதும் மேலாளர் செய்த காரியங்களில் அந்த ஒன்றுக்கு மட்டும் துணுக்குக்குக் கோபம் வரவில்லை.

அறையின் விளக்கை அணைக்கும் சுவிட்சும் வெளியேதான் இருந்தது. வக்கீல் ஒப்பந்தத்தை முகத்தில் போட்டுக்கொண்டு தூங்கினார். துணுக்கு கதவையே பார்த்துக்கொண்டிருந்தான். அது எந்த மரம், அந்தக் கீலை எந்த விளையாட்டில் பார்த்திருக்கிறோம் என்றெல்லாம் மனசு பழக்கத்துக்குப் போனது. அவனுக்கே தன் மேல் வெறுப்பாக இருந்தது.

விடிய ஆரம்பித்தபோது வழிகாட்டிப் பெண்தான் அதைச் சொன்னாள். வேலையை விட்டு வேறு கம்பெனிக்குப் போகிறவர்களுக்கு இங்கே ஒரு தேர்வு வைப்பார்கள். மறதித் தேர்வு. தலைமைப் படைப்பாளரே மூன்று கேள்வி கேட்பார். மூன்றுக்கும் தெரியாது என்று சொன்னால் மறந்துவிட்டதாகச் சான்றிதழ் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். அது ஊழியர்களுக்கு மட்டும்தான் என்றார் வக்கீல். நான்கு பேரும் ஒரே நேரத்தில் தங்கள் கழுத்தில் தொங்கிய அட்டையைப் பார்த்தார்கள்.

மேலாளர் விதிப் புத்தகத்தைப் புரட்டினார். மறுக்க வழி இல்லை. துறையே மொத்தமாக ராஜினாமா செய்தது. பலகை மாட்டியவரே வந்து பலகையைக் கழற்றிக்கொண்டு போனார்.

தலைமைப் படைப்பாளர் தினமும் விடியற்காலையிலேயே அலுவலகத்துக்கு வந்துவிடுவார். எழுதுவதற்காக அல்ல, தனக்கு முன்னால் வேறு யாரும் வந்து எழுதிவிடாமல் பார்த்துக்கொள்வதற்காக. அவர் அறைக்கு வெளியே நான்கு பேரும் வரிசையில் நின்றார்கள். டீயம்மா முதலில் போனாள். தம்பி யார் என்று கேட்டதற்கு எந்தத் தம்பி என்று திருப்பிக் கேட்டாளாம், சான்றிதழோடு வந்தாள். நாற்காலி போச்சே என்று வருத்தம் அவளுக்கு. வக்கீல், என் அறிவுக்கும் நம்பிக்கைக்கும் எட்டிய வரையில் தெரியாது என்று மூன்று முறை சொல்லிவிட்டு வந்தார். வழிகாட்டிப் பெண் அழுதுகொண்டே தெரியாது என்றாள். அவ்வளவு மனப்பூர்வமாக மறந்தவர்களைப் பார்த்ததில்லை என்று படைப்பாளர் பாராட்டினாராம்.

வெளியே வந்தவள் துணுக்கின் கையைப் பிடித்துக்கொண்டாள். நேற்றிலிருந்து அவள் அவனிடம் முகம் கொடுத்துப் பேசியது அப்போதுதான்.

"மூணே தடவை சார். வாயைத் தொறந்தா அந்த ஒரு வார்த்தைதான் வரணும். வேற எதுவும் வந்துரக் கூடாது. உங்க அக்காவை நெனச்சுக்கோங்க."

தலைமைப் படைப்பாளரின் அறை முழுக்கக் கேடயங்கள். சுவரில் ஒரு கடிகாரம். அவர் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்திருந்தார்.

'இரும்பு வாசல்' முதல் பாகத்தில் கிணறு எங்கே இருக்கிறது என்பது முதல் கேள்வி. கிணறு மட்டுமல்ல, அதன் சுற்றுச்சுவரில் தலைகீழாக வரைந்துவிட்ட ஒரு கல், அந்தக் கல்லை அடுத்த பதிப்பில் திருத்தப் போய்ப் பக்கத்தில் இருந்த வாளி காணாமல் போனது, எல்லாமாகச் சேர்ந்து துணுக்கின் தொண்டைக்கு ஏறி வந்தன. அத்தனையையும் விழுங்கினான்.

"தெரியாது."

சொல் புதுச் செருப்பு மாதிரி கடித்தது. அண்ணனுக்கும் தம்பிக்கும் என்ன சண்டை என்பது இரண்டாவது கேள்வி. தெரியாது என்றான். இந்த முறை கொஞ்சம் சுலபமாக வந்தது.

படைப்பாளர் முன்னால் சாய்ந்தார்.

"அந்தக் கப்பிச் சத்தம் இருக்கே. அதைச் செஞ்சது யாரு?"

அது கப்பியே இல்லை. முதல் பாகம் செய்த காலத்தில் கம்பெனிக்குப் பணம் இல்லை. தரை துடைக்கும் பெண் ஒருத்தி, துணியைப் பிழிய வாளியின் கைப்பிடியை அழுத்தும்போது வந்த கிறீச்சல் அது. ஒலிப்பதிவுக்காரர் அவளை ஒரு மத்தியானம் முழுக்க அழுத்தச் சொல்லிப் பதிவு செய்தார். அவள் கை வீங்கிப் போனதாம். நன்றி சொல்லும் பட்டியலின் கடைசியில் அவள் பெயர் இருந்தது, முதலில் விற்ற விளையாட்டுப் பெட்டிகளில் மட்டும். அடுத்த பதிப்பில் அந்த வரியை எடுத்துவிட்டார்கள். அந்த ஒலிப்பதிவுக்காரரைத் தேடிப் பிடித்துத் துணுக்கு இதைத் தெரிந்துகொண்டான். எழுதியும் கொடுத்தான். விளம்பரம் ஒன்று வந்ததால் ஆசிரியர் அதைத் தூக்கிவிட்டார். ஒலிப்பதிவுக்காரரும் இப்போது உயிரோடு இல்லை. ஆக அந்தச் சத்தத்தோடு சேர்த்து அந்தப் பெண்ணின் பெயர் உலகத்தில் இருந்த ஒரே இடம் துணுக்கின் வாய்.

கடிகாரத்தைப் பார்த்தான். நன்றாக விடிந்திருந்தது.

"தெரியாது."

படைப்பாளரின் முகம் மலர்ந்தது. எழுந்து வந்து துணுக்கின் தோளில் கை வைத்தார்.

"நான்தான். பழைய கோட்டைக் கிணறு ஒண்ணுல, கயித்துல தொங்கிக்கிட்டே பதிவு செஞ்சேன். இன்னும் கொஞ்சம் நழுவியிருந்தா நான் இல்ல. ஒவ்வொரு தேர்வுலயும் மூணாவதா இதைத்தான் கேப்பேன். இதுவரைக்கும் ஒருத்தர்கூட தப்பான பதில் சொன்னதில்ல." சான்றிதழில் கையெழுத்துப் போட்டுக்கொண்டே தொடர்ந்தார். "ஒளிச்சு வைக்கிறதுதான் ரகசியம்னு நம்ம மேலாளர் நெனச்சுக்கிட்டிருக்காரு. நல்ல மனுஷன். ஒளிச்சு வைக்கிறதுக்கு எவ்வளவு பூட்டு, எவ்வளவு ஸ்டிக்கர். எல்லாரும் மறந்துட்டா ஒரு செலவும் இல்ல பாருங்க. உங்களை மாதிரி ஆளுங்கதான் தம்பி பத்திரிகைக்கு வேணும்."

துணுக்கு சான்றிதழை வாங்கிக்கொண்டான். வாசலில் காவலாளி போனைத் திருப்பிக் கொடுத்தபோது ஸ்டிக்கரைப் பிரிக்கக்கூட நிற்கவில்லை, ஓடினான்.

மருத்துவமனை நடையில் அக்காவைத் தள்ளுவண்டியில் படுக்க வைத்திருந்தார்கள். பச்சை அங்கி போட்டு, தலைமுடியைத் துணியால் கட்டியிருந்தார்கள். அடுத்த பெண்ணை அழைத்து வரச் சொல்லி நர்ஸ் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தாள். துணுக்கு மூச்சு வாங்க வந்து வண்டியின் கம்பியைப் பிடித்துக்கொண்டான்.

அக்கா அவனை மேலும் கீழும் பார்த்தாள். "எங்கடா போன?"

"மறந்துட்டேன்க்கா" என்றான். வாய் அப்படித்தான் பழகியிருந்தது.

"மறந்துட்டியா? நீயா?"

நர்ஸ் அட்டையோடு வந்துவிட்டாள். நீங்கள் யார் என்றாள், தம்பி என்றான். சீக்கிரம் சொல்லுங்கள், டாக்டர் உள்ளே நிற்கிறார் என்று பேனாவைத் தட்டினாள். நோயாளியின் ரத்தம் என்ன வகை?

துணுக்கு வாயைத் திறந்தான். நிரப்புவதற்குப் பக்கத்தில் எதுவும் இல்லை.

"தெரியாது."

இதற்கு முன்னால் ஆபரேஷன் ஏதாவது நடந்திருக்கிறதா?

"தெரியாது."

ஒத்துக்காத மருந்து?

நர்ஸ் நிமிர்ந்து பார்த்தாள். அவன் அக்காவைப் பார்க்காமல் தரையைப் பார்த்தான்.

"தெரியாதுங்க."

இந்த முறை யாரும் சான்றிதழ் கொடுக்கவில்லை.

அக்கா தலையைத் தூக்கினாள். எங்கிட்ட கேளும்மா, இன்னும் மயக்கம் குடுக்கலல்ல என்றாள். ரத்த வகையைச் சொன்னாள். மருந்தின் பெயரை ஒவ்வொரு எழுத்தாக நிறுத்திச் சொன்னாள். முன்னால் ஒரு ஆபரேஷன் ஆகியிருக்கிறது, இடுப்பில், கல் வண்டி சாய்ந்தபோது, இவன் பத்தாவது படிக்கும்போது என்றாள். துணுக்கு அந்த வருஷத்தை நினைத்துப் பார்த்தான். அந்த வருஷம் எந்தெந்த விளையாட்டு வந்தது என்பது மட்டும் வரிசையாக ஞாபகம் வந்தது.

நர்ஸ் எழுதி முடித்தாள். "கூடவே இருக்கிற தம்பிதானா?"

"கூடவேதான் இருக்கான்."

"என்ன வேலை பாக்கிறாரு?"

அக்கா தலையை மறுபடி வண்டியில் சாய்த்துக்கொண்டாள். சிரிக்கவில்லை.

"யாருக்கும் தெரியாததெல்லாம் தெரிஞ்சு வச்சிருக்கிற வேலை."

கையெழுத்துப் போடக் காகிதத்தை நீட்டினாள் நர்ஸ். படித்துப் பார்த்துவிட்டுப் போடுங்கள் என்றாள். படிக்கலாமா என்று அவன் கேட்டது அவளுக்குப் புரியவில்லை. கையெழுத்துப் போட்டான். வண்டியைத் தள்ள ஆரம்பித்தார்கள். கூடவே நடந்து, அந்த மருந்துப் பேரை இன்னொரு தடவை சொல்லுக்கா என்றான். எழுதியாச்சேடா, இப்ப எதுக்கு என்றாள். சொல்லு என்றான். சொன்னாள். கதவு மூடிக்கொண்டது.

நடையில் ஒரு பெஞ்சு இருந்தது. உட்கார்ந்து சட்டைப் பையைத் துழாவினான். வேறு காகிதம் இல்லை. மறதிச் சான்றிதழை எடுத்து முழங்காலில் கவிழ்த்து வைத்து, மருந்தின் பெயரை எழுதினான். அதற்குக் கீழே ரத்த வகை. அதற்குக் கீழே இடுப்பில் ஆபரேஷன், பத்தாவது படிக்கும்போது.

கீழே இன்னும் கொஞ்சம் இடம் மிச்சம் இருந்தது. தரை துடைத்தவளின் பெயரை அதில் எழுதினான்.